பின்னால் வந்த கோபுரம்

என் வயிற்றெரிச்சலான பிலோமி அக்காவுக்கு,

பிரியமும் உண்டு. முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், பிரியம் பின்னால் மெதுவாக வரட்டும். உன்னை ‘நீ’ என்றுதான் எழுதப்போகிறேன். சண்டை போடும்போது ‘ங்க’ போட்டுப் பேச எனக்கு வராது. அதோடு இப்போது நம்மில் யார் அக்கா? நீ முப்பது வயதில் நின்றுவிட்டாய். எனக்கு நாற்பத்தெட்டு. முட்டி வலிக்கிறது, தலைக்குச் சாயம் அடிக்கிறேன். நீ மட்டும் கூடத்துச் சுவரில் மாலைக்கு நடுவே ஒரு முடி நரைக்காமல் சிரித்துக்கொண்டிருக்கிறாய். இது என்ன நியாயம்?

நம் கோயிலின் நவம்பர் மாதப் பங்கு மலருக்கு, இறந்துபோன சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி ஃபாதர் கேட்டிருக்கிறார். எல்லோரும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதுகிறார்கள். நான் என் புருஷனின் மூத்த தாரத்துக்கு எழுதுகிறேன். போடுவாரோ மாட்டாரோ, தெரியாது. எனக்குச் சொல்லியாக வேண்டும்.

விஷயம் இதுதான். போன வருஷக் கடைசியில் கொட்டிய மழையில், விழுப்புரம் கல்லறைத் தோட்டத்தில் உன் கல்லறை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் வைத்துக் குடும்பக் கல்லறையாகக் கட்டப்போகிறோம். இடம் இல்லை என்று இப்போதெல்லாம் பங்கில் ஆளுக்கு ஒரு குழி கொடுப்பதில்லை. ஒரே குழியில் ஒருவர் மேல் ஒருவராக, நடுவில் கடப்பைக் கல் வைத்து அடக்கம் செய்கிறார்கள். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, “எத்தினி பேருக்குங்க?” என்று கேட்டார். நம் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. “மூணு பேருக்கு” என்றார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

“எனக்கு வாணாம். நான் திண்டிவனத்துல எங்கப்பா பக்கத்துல போய்ப் படுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேஸ்திரி வருகிறார். அதற்குள் முடிவைச் சொல்ல வேண்டும். உன்னோடு ஒரே குழியில், உயிர்த்தெழும் நாள் வரைக்கும் எப்படி இருப்பது? கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது இந்த மனுஷன் முதலில் யார் கையைப் பிடித்து எழுப்புவார்? இதை யோசித்து யோசித்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்காக ‘நித்திய இளைப்பாற்றி’ ஜெபம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எனக்குத்தான் ஒரு இளைப்பாற்றியும் இல்லை.

நீ போனது தொண்ணூற்று மூன்றில். நான் வந்தது தொண்ணூற்று ஐந்தில். என் பேர் லூர்து மேரி. பேர் என்னவோ பிரான்சு தேசத்து ஊர்ப்பேர். ஆனால் கல்யாணம் ஆகும்வரை திண்டிவனம் பக்கத்துக் கூட்டேரிப்பட்டைத் தாண்டியவள் இல்லை. கல்யாணம் ஆன மறுநாளே மாமியார் என்னை உன் கல்லறைக்கு அழைத்துப் போனார். “மூத்தவகிட்ட சொல்லிட்டு வா. அவ மனசு குளிர்ந்தாத்தான் நீ நல்லா இருப்ப” என்றார். மண்டி போட்டேன். புதுப் பட்டுப்புடவையில் சேறு ஆனது. அன்றைக்கே எனக்கு உன் மேல் கோபம்.

ஆனால் பொறாமை அன்றைக்கு வரவில்லை. அது டிசம்பரில் வந்தது.

ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது வைக்கோலும் மூங்கிலும் வாங்குவார்கள். நம் வீட்டுக்காரர் தெர்மாகோல் அட்டையை ஆளுயரத்துக்கு வாங்கி வந்து ஒரு பெரிய மாதா கோயிலையே கட்ட ஆரம்பித்தார். நடுவில் வட்டமாகப் பூ மாதிரி ஒரு ஜன்னல். நீலக் கண்ணாடித்தாள் ஒட்டிய உயரமான ஜன்னல்கள், உள்ளே பல்பு. முன்னால் இரண்டு கோபுரம். அதன் காலடியில் குழந்தை சேசு. பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் வந்து பார்த்துவிட்டு, “ஏன்ப்பா, புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே அதுக்குக் கோயிலு கட்டிட்டியா?” என்று கேட்டாள். இவர் சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு கோபுரம் நெட்டை, இன்னொன்று குட்டை. பாவம், ரயில்வே வேலைக்கு நடுவே அவசரத்தில் அளவு தப்பிவிட்டார் போல என்று நினைத்தேன். நான் தையல்காரி. ஒரு கை நீளம் ஒரு கை குட்டையாக ஒரு ரவிக்கையைக்கூட நான் வெளியே அனுப்பியதில்லை. இவர் டியூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் மீதி அட்டையை வெட்டி, குட்டைக் கோபுரத்தின் மேல் ஒட்டி, இரண்டையும் சமமாக்கி வைத்தேன். வந்து பார்த்தால் மெச்சுவார் என்று காப்பி போட்டு வைத்துக் காத்திருந்தேன்.

“யாரு இதுல கை வெச்சது?”

“நான்தாங்க. ஒண்ணு குட்டையா இருந்துச்சே, அதான் சரி பண்ணி வெச்சேன்.”

“அது குட்டையாத்தான் இருக்கணும். பிலோமி சொல்லியிருக்கா.”

பிளேடை எடுத்து நான் ஒட்டிய துண்டை மெதுவாக அறுத்து எடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. காப்பி ஆறிப்போனது.

அப்புறம்தான் உட்கார்ந்து சொன்னார். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புதுச்சேரிக்காரர் என்பதும், பத்து வயதுவரை நீ பிரான்சில் ஷார்த்ர் என்ற ஊரில் வளர்ந்தாய் என்பதும், அந்த ஊர்ப் பெரிய கோயில்தான் இது என்பதும். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு நீ வாயால் சொல்லச் சொல்ல இவர் கட்டினாராம். “ஒரு கோபுரத்து உச்சி முன்னாடி கட்டினதாம், இன்னொண்ணு முந்நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு வந்துச்சாம். அதான் ரெண்டும் ஒண்ணு போல இல்ல” என்றார்.

நான் கேட்டேன், “எது பின்னாடி வந்தது?”

“உசரமா இருக்குது பாரு, அது.”

அக்கா, அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்ததுதான் உயரம்! வேலைப்பாடும் அதற்குத்தான் அதிகம். முன்னால் வந்தது மொழுமொழுவென்று குட்டை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு டிசம்பரும் அந்த நெட்டைக் கோபுரத்துக்கு மட்டும் ஜரிகைத்தாள் சுற்றுவேன். இவர், “அங்க இந்த ஜரிகையெல்லாம் இல்லம்மா” என்பார். “இருக்கட்டும், கிறிஸ்துமஸுதானே” என்பேன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். உனக்கு அப்படித்தான். குடில் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இவர் உன் கதையைத்தான் சொல்வார். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரே தீப்பிடித்து எரிந்தது, கோயிலும் எரிந்தது, முகப்பும் கோபுரங்களும்தான் தப்பின. மாதா உடுத்தியது என்று அவர்கள் காத்துவந்த துணியும் சாம்பலாகிவிட்டது என்று ஊர் அழுதது. மூன்றாம் நாள் நிலவறையிலிருந்து சாமியார்கள் அந்தத் துணியோடு வெளியே வந்தார்கள். அழுத ஜனம் அதே வேகத்தில் கல் சுமந்து, முப்பது வருஷத்துக்குள் பெரும்பகுதியைக் கட்டிவிட்டது. இதைச் சொல்லும்போது இவர் குரல் கம்மும். பதினைந்து தடவை கேட்டிருப்பேன், பதினைந்து தடவையும் கம்மியது. உன் மகள் ரெஜியும் மடியில் உட்கார்ந்து, “அப்புறம்ப்பா?” என்பாள். நான் சமையல் கட்டில் நின்று கரண்டியால் சட்டியை ஒரு தட்டுத் தட்டுவேன்.

எனக்கென்று ஒரு பிள்ளையும் தங்கவில்லை. ரெஜி ஒருத்திதான் நம் இரண்டு பேருக்கும். அவள் உன் படத்தை ‘அம்மா’ என்பாள், என்னைச் ‘சித்தி’ என்பாள். நான்தான் அவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை வீசினேன், நான்தான் பள்ளிக்கூடப் பாவாடை தைத்தேன். படத்துக்கு ‘அம்மா’. வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்.

அப்போது ஒரு வைராக்கியம் வைத்தேன். உன் கோயிலை உன்னைவிட நன்றாக நான் தெரிந்துகொள்ள வேண்டும். நீ இவரிடம் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். அம்மா வீட்டுக்குத் திண்டிவனம் போகும்போதெல்லாம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவேன். அங்கே வேலை செய்யும் பெண், “என்னக்கா, ஜாதகமா, ரேஷன் கார்டா?” என்று கேட்கும். “பிரான்சுல ஒரு கோயில் படம் எடுத்துக் குடும்மா” என்பேன். அதுவே எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லும். ஃபாதரையும் விடவில்லை. சுவர் அவ்வளவு மெல்லிசு, ஜன்னல் அவ்வளவு பெரிசு, கூரை எப்படி ஃபாதர் நிற்கிறது என்று கேட்டேன். வளைவுகளை உச்சியில் கூர்மையாக்கிப் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கிவிடுகிறார்கள், கூரை சுவரை வெளியே தள்ளும் தள்ளலை வெளிப்பக்கம் சாய்வாக நிற்கும் கல் வளைவுகள் வாங்கிக்கொள்கின்றன, அதனால்தான் சுவர் முழுக்கக் கண்ணாடி வைக்க முடிகிறது என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. குலை தள்ளிய வாழைக்கு நாங்கள் முட்டுக் கொடுப்போமே, அதுதான். ஆனால் இங்கே முட்டுக்கே வேலைப்பாடு செய்து அழகு பார்த்திருக்கிறார்கள்.

ஒருநாள் ஒன்று கிடைத்தது. கூரைக்கு மேலே மரச்சட்டங்கள் காடு மாதிரி நிறைந்திருந்ததாம். அதுவும் பிற்காலத்தில் ஒருமுறை எரிந்து போக, இரும்பில் சட்டம் போட்டு மேலே செப்புத் தகடு வேய்ந்தார்களாம். ரயில்வேக்காரருக்கு இரும்பு என்றால் உயிர். பஸ்ஸில் வரும்போதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலிலேயே சொன்னேன்.

இவர் முகம் மலர்ந்தது. “இரும்பா! அதான் பிலோமி பச்சைக் கூரைன்னு சொல்லிக்கினே இருப்பா. செம்புன்னா பச்சை பிடிக்கும்ல! இப்பத்தான் வெளங்குது.”

போயிற்று. நான் வெயிலில் அலைந்து கொண்டுவந்ததை உன் மடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். என்ன பேஜாரு பார்!

ரெஜி படித்து, வேலைக்குப் போய், கம்பெனி அவளைப் பாரிசுக்கு அனுப்பியது. போன வருஷம் கோடையில் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாள். பாரிசிலிருந்து ரயில். கண்ணுக்கு எட்டியமட்டும் கோதுமை வயல். கூட்டேரிப்பட்டில் இறங்கினால் ஊருக்கு முன்னால் மயிலம் மலைக்கோயில் தெரியுமே, அப்படி, ஊர் தெரிவதற்கு முன்னாலேயே வயலுக்கு மேலே இரண்டு கூம்பு தெரிந்தது. இவர் எழுந்து நின்றுவிட்டார். நானும் நின்றேன். என் கண் நெட்டையைத்தான் பார்த்தது.

உள்ளே போனதும் உனக்குச் சொல்ல ஒரு சேதி கிடைத்தது. நீ ‘கன்னங்கரேல்னு இருக்கும்’ என்று சொல்லியிருந்த சுவர்களைச் சுத்தம் செய்கிறார்கள். பாதிக் கோயில் சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி வெளுத்துவிட்டது. தூண் மேல் நிற்கும் கறுப்பு மாதாவையும் துடைத்து வர்ணம் பூசி வெள்ளைக்காரி ஆக்கிவிட்டார்கள். “நம்ம கலர்ல ஒரு மாதா இருந்துது, அதையும் மாத்திட்டாங்களே!” என்று ரெஜியிடம் சத்தம் போட்டேன். அதில் மட்டும் நான் உன் கட்சி.

தரையில் பெரிய வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் கோடு இருக்கிறதே, அதில் நீ சின்ன வயதில் பாண்டி ஆடி சிஸ்டரிடம் அடி வாங்கினாயாம். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தார். அப்புறம் ஒரு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். நாங்கள் ஒட்டிய கண்ணாடித்தாளெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த ஜன்னல்களை உலக மகா யுத்தக் காலத்தில் துண்டு துண்டாகக் கழற்றி ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். சின்ன வயதில் உன் வெள்ளைக் கவுனில் விழுந்ததாக நீ இவரிடம் சொல்லியிருந்த அந்த நீல வெளிச்சம் இவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. இவர் அழுதார். அந்த வயதில் நீ அங்கே நீலத்தில் நின்றுகொண்டிருந்தாய்; நான் வெயிலில் குந்தி மல்லாட்டைக் கொடியில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்காக இவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் சாகவில்லையே, எப்படி அழுவார்?

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். “பாத்துக்கோங்க. அதோ உசரமா, பூவேலையோட நிக்குதே, அதுதான் பின்னாடி வந்தது!”

இவருக்கு நான் சொன்னது விளங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து ரெஜி, பலகையில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

“சித்தி, இரு இரு. அந்த உசரக் கோபுரம் இருக்குல்ல, அதோட மேல் கூம்பு மட்டும்தான் பின்னாடி வந்ததாம். இந்த முகப்புலயே முதல்ல ஆரம்பிச்சது அதோட அடிப்பாகம்தானாம். மேல முன்னாடி மரத்துல ஒரு கூம்பு இருந்துச்சாம். இடி விழுந்து எரிஞ்சிடுச்சாம். அதுக்கப்புறம் அதே அடி மேல கல்லுல கட்டியிருக்காங்க.”

அங்கிருந்த கல் திண்டில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“இது எனக்கே தெரியாது. பிலோமியும் சொன்னதில்ல” என்றார் இவர்.

பார்த்தாயா அக்கா? நீ அறியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள இருபது வருஷம் தவித்தேன். கடைசியில் கிடைத்தது, அதுவும் உன் பக்கமே சாய்ந்தது. நான் ஜரிகை சுற்றி ஜரிகை சுற்றி என்னுடையது என்று வைத்திருந்த கோபுரத்துக்குக் கீழே முழுக்க நீ நின்றுகொண்டிருக்கிறாய். ஊருக்குத் திரும்பும்வரை நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. விமானத்தில் கொடுத்ததையும் சாப்பிடவில்லை.

போன டிசம்பரில் குடிலும் கட்டவில்லை. வெளியே மழை, இவருக்குக் கை நடுக்கம், எனக்கு மனசு இல்லை. அந்த மழைதான் உன் கல்லறையையும் இறக்கியது. மேஸ்திரி வந்தார், மூணு என்றார் இவர், நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். இதுதான் நடந்தது.

நேற்று சாயங்காலம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். இவர் வந்து பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார்.

“நெஜமாவே திண்டிவனம் போறியா?”

“ஆமா. எனக்கு எதுக்கு அங்க எடம்? அதான் கீழ அவ இருக்கறா, நீங்க போய் மேல படுத்துக்கோங்க.”

நூல்கண்டை எடுத்து உருட்டினார். “சரி, போ. அப்புறம் எங்க கோபுரம் மொட்டையா நிக்கும்.”

மிஷினை நிறுத்தினேன்.

“அங்க கல்லு மேல உக்காந்துக்கினு அழுதியே, நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அடி அவதான், இல்லைங்கல. இடி விழுந்துது. அதோட போயிருக்கும் நம்ம வீடு. மேல நீ வந்து நின்ன. தூரத்துல ரயில்ல வரும்போது மொதல்ல எது தெரிஞ்சுது, சொல்லு? அந்த மேல் கூம்புதானே?”

தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையில் கை கோணலாகிவிட்டது. பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

அக்கா, யோசித்துவிட்டேன். நாளை மறுநாள் மேஸ்திரியிடம் நானே போய் மூன்று என்று சொல்லிவிடுகிறேன். நன்றாக ஆழமாகத் தோண்டி, கடப்பைக் கல்லை ஆடாமல் பதிக்கச் சொல்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடிலை நானே கட்டுகிறேன். குட்டைக் கோபுரத்தைத் தொட மாட்டேன். நெட்டைக்கு அடியிலிருந்து உச்சிவரை ஜரிகை சுற்றுகிறேன், இருவருக்கும் சேர்த்து.

ஆனால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அது என்னோடு அந்தக் குழிக்குள்ளும் வரும். உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. அவசரப்பட்டு வர மாட்டேன். உன் மகளுக்குக் கல்யாணம் பண்ணி, அவள் பிள்ளைகளுக்கும் பாவாடை தைத்துவிட்டு, எல்லோருக்கும் கடைசியில்தான் வருவேன். கீழே நீ, நடுவில் அவர், மேலே நான். எக்காளம் ஊதுகிற அன்றைக்கு மேலே இருக்கிறவள்தானே முதலில் எழுந்திருக்க வேண்டும்? நான் எழுந்து, அவரைக் கை கொடுத்துத் தூக்குவேன். அப்புறம் நாங்கள் இரண்டு பேருமாகக் குனிந்து, உன்னைத் தூக்கிவிடுவோம்.

அதுவரை கொஞ்சம் நகர்ந்து படு.

உன் தங்கை,
நம் ரெஜியின் சித்தி,
லூர்து